டை கட்டிய பிள்ளைகள்

அத்தியாயம் 11

பொறாமை என்ற சொல்லைக் கனகலக்ஷ்மி தன் விஷயத்தில் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. தனக்கு இருப்பது 'நியாயமான வருத்தம்' என்பது அவள் கட்சி. அந்த நியாயமான வருத்தம்தான் சில வருஷங்களாக அவள் வயிற்றில் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறது.

அடுப்புக்கு முதல் சுள்ளி வைத்தவள் அவளேதான். மைசூர் மண்டி மொஹல்லாவுக்கு அங்கன்வாடி வந்தபோது, டீச்சர் வேலைக்கு முதலில் அவளைத்தான் கேட்டார்கள். பி.ஏ. படித்தவள், தமிழ், கன்னடம் இரண்டும் தண்ணீர் பட்ட பாடு.

"நானா? மூக்கொழுகற பிள்ளைங்களுக்கு உப்புமா கிண்டிப் போடறதுக்கா எங்கப்பா என்னைக் காலேஜுக்கு அனுப்பினாரு?" என்று கேட்டுவிட்டு, பின்கட்டில் குடியிருந்த ஓரகத்தி பூங்குழலியைப் பார்த்துத் திரும்பினாள். "நீ வேணும்னா மனுப் போட்டுப் பாரு. சம்பளம்னு சொல்லக்கூட சர்க்காருக்கு மனசு வராது. கௌரவதனம்னுதான் சொல்லும்."

பூங்குழலி போட்டுப் பார்த்தாள். கிடைத்துவிட்டது.

ஹனூர்ப் பக்கத்து விவசாயி கரியப்பனின் மகள். பத்தாவது வரை படித்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் மைசூர் பஸ்ஸில் ஏறவே பயந்தவள். இன்றைக்கு அவள் சந்தில் நடந்தால் "டீச்சரம்மா, டீச்சரம்மா" என்று பத்துக் குரல் கேட்கிறது. சொட்டு மருந்து எப்போது, பிள்ளைக்குப் பேதிக்கு என்ன கொடுப்பது, எல்லாம் அவளைத்தான் கேட்கிறார்கள். அக்கம்பக்கத்தில் யாரும் பி.ஏ.வைத் தேடி வரவில்லை.

விட்டுவிடுவாளா கனகலக்ஷ்மி? வீட்டு முன்கூடத்திலேயே 'கனகா இங்கிலீஷ் நர்சரி' என்று பலகை மாட்டினாள். டை, பெல்ட், ஷூ, சட்டையில் குத்திய கைக்குட்டை. மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், ஊதுவத்தி உருட்டுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் அவளிடமும் வந்தார்கள். பிள்ளை வாயில் நாலு இங்கிலீஷ் வார்த்தை வராதா என்று அந்தத் தாய்மார் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஃபீஸ் கட்டினார்கள்.

இப்போது இரண்டு பேர் கண்ணும் ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது. தெருக்கோடியில் பூட்டிக் கிடக்கும் பழைய வாசகசாலைக் கட்டடம். அங்கன்வாடி நடப்பது மாவு மில்லை ஒட்டிய தகரக் கொட்டகையில்; மில் ஓடினால் பிள்ளைகள் தலையில் மாவு, மழை பெய்தால் தட்டில் தண்ணீர். வாசகசாலையை எடுத்துப் பழுது பார்க்க சர்க்காரில் பணம் ஒதுக்கப் போகிறார்கள் என்று போன வாரம் பேச்சு எழுந்தது. ஆனால் மார்ச் முடிவதற்குள் அதிகாரி நேரில் பார்த்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும். கட்டடக் கமிட்டித் தலைவர் பசவராஜ் கனகலக்ஷ்மியிடம் வாக்குக் கொடுத்திருந்தார்: "சர்க்கார் எடுக்கலேன்னா ஏப்ரல்லேர்ந்து உங்க நர்சரிக்குத்தான்."

வாக்கு மட்டுமா? "உள்ளே அளந்து பாத்துக்கோங்கம்மா" என்று நேற்றே சாவியையும் கொடுத்துவிட்டார். அது இப்போது கனகலக்ஷ்மியின் இடுப்பில், புடவைச் செருகலுக்குள் இருந்தது. இது அவர்கள் இருவரைத் தவிர ஒரு குருவிக்கும் தெரியாது.

இன்று நஞ்சன்கூட்டில் தேர்.

தேர் என்றால் மண்டி மொஹல்லாவின் பின்சந்துகள் காலி. கைவண்டிக்காரர்கள், மூட்டைக்காரர்கள் எல்லாம் பெண்டாட்டி பிள்ளைகளோடு விடிவதற்கு முன்பே பஸ் ஏறிவிடுவார்கள். கனகலக்ஷ்மியின் கணவன் ஸ்ரீகண்டனுக்கு நஞ்சன்கூட்டுச் சாமியின் பெயர். ரயில்வே பார்சல் ஆபீசில் வருஷம் முழுக்க லீவு போடாவிட்டாலும் தேருக்கு மட்டும் போட்டுவிடுவான். அவனும், அவன் தம்பியும் பூங்குழலியின் புருஷனுமான ஆறுமுகசாமியும் போயாயிற்று.

போகாமல் இருந்தது நர்சரிப் பிள்ளைகள் மட்டும்தான். தேரன்றைக்கென்று பார்த்துக் கனகலக்ஷ்மி ஆண்டுப் பரீட்சை வைத்திருந்தாள். மூன்றரை வயதுக் குழந்தைக்கு என்ன ஆண்டுப் பரீட்சை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தாயும் கேட்டாள். "டிசிப்ளின்" என்று பதில் வந்தது. அந்தத் தாய் பாவம், அதற்கு அர்த்தம் தெரியாததால் பயந்து பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள்.

பரீட்சை நடந்துகொண்டிருந்தது.

"அர்ஜுன், ஸ்டாண்ட் அப். ஏ ஃபார்?"

அர்ஜுன் அவளுடைய சொந்த மகன். எழுந்து நின்றான். தாயின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான்.

"ஆ... ஆ... ஆப்... ஆ..."

மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. கனகலக்ஷ்மிக்கு ரத்தம் தலைக்கேறியது. கண்டவர் பிள்ளையெல்லாம் கடகடவென்று ஒப்பிக்கிறது, டீச்சர் பெற்ற பிள்ளைக்கு மட்டும் வாயில் கொழுக்கட்டை! வழக்கம்போல அவன் தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள். அவன் அழவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இனி சாயங்காலம் வரைக்கும் அந்த வாய் திறக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

"அக்கா..."

வாசலில் பூங்குழலி நின்றிருந்தாள். ஓடி வந்திருக்க வேண்டும். நெற்றியில் வேர்வையும் மாவும் குழைந்திருந்தன.

"ஒரு ஒத்தாசை பண்ணோணுங்க்கா. அதிகாரியம்மா இன்னைக்கே வாறாங்களாம். மில்லு போனுக்குச் சேதி வந்துது. சென்டரு நடக்குதான்னு கண்ணால பாத்தாத்தான் கட்டடத்துக்கு எழுதுவாங்களாம். சின்னஞ்சிறுசுக எல்லாம் தேருக்குப் போயிருச்சுங்க."

"அய்யோ பாவம். அதுக்கு?"

"உங்க பிள்ளைங்கள இன்னைக்கு மட்டும் கொஞ்சம் முன்னாலயே விட்டுருங்க. நான் கூட்டிக்கிட்டுப் போயிக்கிறேன்."

ஓகோ, என்று நினைத்துக்கொண்டாள் கனகலக்ஷ்மி. பிள்ளைக் கடன்!

ஊரில் இது புதிதல்ல. கைமாற்றுக்குச் சர்க்கரை வாங்குவது போல, அதிகாரி வரும் நாளில் சென்டருக்குச் சென்டர் பிள்ளைகளை வாங்கி உட்கார வைப்பது உண்டு. ஆனால் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் இந்த அதிகாரியம்மாள் வேறு ரகம். போன மாதம் எங்கேயோ ஒரு சென்டரில் கான்வென்ட் பிள்ளைகளைக் கடன் வாங்கி உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாள் வாசலில் கிடந்த ஷூக்களைப் பார்த்தாளாம்; அவ்வளவுதான். டீச்சரை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி அங்கேயே எழுதிவிட்டுப் போய்விட்டாள் என்று மாவு மில்லில் பேசிக்கொண்டார்கள்.

இதைக் கேட்டபோது கனகலக்ஷ்மி உச்சுக்கொட்டினாள். இப்போது அந்தக் கதை அவள் நாக்கில் கல்கண்டாகக் கரைந்தது.

"அதுக்கென்ன பூங்குழலி? நம்ம வீட்டுக் காரியம் அல்லவா?" என்றாள். அவ்வளவு இனிமையாக அவள் பேசிப் பூங்குழலி கேட்டதே இல்லை. "ஸ்வல்ப நேரத்துல நானே கூட்டிட்டு வர்றேன். நீ போய் சென்டரைப் பெருக்கி வை."

"நீங்களா?" பூங்குழலி திடுக்கிட்டாள். "நீங்க எதுக்குங்க்கா அங்க... அந்த மாவுத் தூசியில... நானே கூட்டிக்கிட்டுப் போறனே."

"ஏன், நான் வரக்கூடாதா?"

"அப்படி இல்லீங்க்கா." அவள் தலை குனிந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று கனகலக்ஷ்மி தீர்மானித்தாள். குறுகுறுத்தது என்னவோ உண்மை. காரணம்தான் வேறு.

பூங்குழலி போனதும் கனகலக்ஷ்மி வேலையில் இறங்கினாள். ஆண்டு விழாவுக்குக்கூட அவள் அப்படிப் பாடுபட்டது கிடையாது. அவிழ்ந்த டைகளை இழுத்துக் கட்டினாள். ஷூக்களை ஈரத் துணியால் பளபளவென்று துடைத்தாள். முகத்துக்கெல்லாம் பவுடர். 'கனகா இங்கிலீஷ் நர்சரி' என்று எழுதிய அட்டை பேட்ஜுகள் பீரோவில் இருந்தன. அவற்றையும் தேடி எடுத்து ஒவ்வொரு நெஞ்சிலும் குத்தினாள்.

தான் ஒரு வார்த்தை பேச வேண்டாம். கேட்டதைக் கொடுத்தவள் என்ற நல்ல பெயரும் மிஞ்சும். மீதியை டையும் ஷூவும் பார்த்துக்கொள்ளும்!

சிவப்பு டைகளின் ஊர்வலம் மண்டி மொஹல்லாவின் குறுகலான தெருவில் புறப்பட்டது. எதிரே வந்த ஆட்டோக்கள் ஒதுங்கி நின்றன. வெங்காயக் கடைக்காரர் "ஏனு மேடம், பேரேடா?" என்று கேட்டார். கனகலக்ஷ்மி சிரித்துக்கொண்டே போனாள். பிள்ளைகளுக்கு வழி காட்ட வேண்டியிருக்கவில்லை, அவை அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன என்பதை அந்த உற்சாகத்தில் அவள் கவனிக்கவில்லை.

அங்கன்வாடி வாசலை அவள் மிதிப்பது இதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் போகவே மாட்டேன் என்று ஒரு வைராக்கியம். தகரக் கூரை, சாணம் மெழுகிய தரை, சுவரில் சுண்ணாம்பால் போட்ட யானை, குதிரை. மூலையில் உதவியாளர் மாதம்மா அண்டாவில் கோதுமை உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அது நடந்தது.

பிள்ளைகள் வாசலை அடைந்ததும் யாரும் சொல்லாமலே ஷூக்களைக் கழற்றின. கழற்றிய ஷூக்களை வெளிச்சுவரோரமாக வரிசையாக வைத்தன. பிறகு தலை வழியே டைகளை உருவிக்கொண்டு உள்ளே மேற்குச் சுவருக்குப் போயின. அந்தச் சுவரில், குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு வரிசை ஆணி அடித்திருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் ஆணி எது என்று தேடாமல் போய் டையை மாட்டிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தது.

கனகலக்ஷ்மி அந்த ஆணிகளைப் பார்த்தபடி நின்றாள்.

இன்றைக்கு அடித்த ஆணிகள் இல்லை அவை. துரு ஏறியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே டை உரசி உரசிச் சுண்ணாம்பு மழுங்கியிருந்தது.

கடைசியில் அர்ஜுன் போனான். ஓரத்து ஆணி அவனுடையது. டையை மாட்டிவிட்டு, நேரே முதல் வரிசையில் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

"வாப்பா அர்ஜுனா," என்றாள் மாதம்மா கன்னடத்தில், கரண்டியை நிறுத்தாமலே. "இன்னைக்கும் உனக்கு மிளகாய் இல்லாமத் தனியா எடுத்து வெச்சிருக்கேன்."

இன்னைக்கும்!

தினமும் நர்சரியை மூடிவிட்டுக் கனகலக்ஷ்மி சரஸ்வதிபுரத்துக்கு டியூஷன் எடுக்கப் போவாள். சாப்பாட்டு நேரத்தில் ஸ்ரீகண்டன் ஆபீசிலிருந்து வந்து, அவள் டப்பாவில் கட்டி வைத்த தயிர்சாதத்தை மகனுக்கு ஊட்டித் தூங்க வைப்பதாக ஏற்பாடு. டப்பா தினமும் காலியாக இருக்கும். "பாருங்க, நான் பிசைஞ்சா ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டான்," என்று அவள் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறாள். அப்படியானால் இத்தனை நாளும் அதைத் தின்றது யார்?

பூங்குழலியைத் திரும்பிப் பார்த்தாள். பூங்குழலி பாயின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

கேட்க வாயெடுப்பதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

அதிகாரியம்மாள் ஒல்லியாக, வெள்ளைக் கண்ணாடியும் தோல்பையுமாக இறங்கினாள். ஷூ வரிசையைப் பார்த்தாள். உள்ளே வந்து டை வரிசையைப் பார்த்தாள். அண்டாவில் கரண்டியை விட்டுக் கிளறி மோந்து பார்த்தாள். பிறகு பிள்ளைகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"யார் பாட்டுப் பாடுவீங்க?" என்று கன்னடத்தில் கேட்டாள்.

பிள்ளைகள் எல்லாம் ஒரே திசையில் திரும்பின. "அர்ஜுன்! அர்ஜுன்!"

கனகலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, மானம் போச்சு.

அர்ஜுன் எழுந்தான். பூங்குழலி மெதுவாக ஒரு தாளம் தட்டினாள். அவன் பாடினான்.

வெண்டைக்காய் ஒன்று, கன்னடத்தில் 'பெண்டேகாயி', கோபித்துக்கொண்டு தேவராஜா மார்க்கெட்டுக்குப் போகிற பாட்டு. பூங்குழலியே கட்டிய கன்னடப் பாட்டு. வழியில் கத்திரிக்காய் கூப்பிடுகிறது, பூசணிக்காய் உருண்டு வருகிறது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பூசணிக்காய்க்குக் கன்னத்தை உப்பிக்கொண்டு, ஓர் இடத்தில் திக்காமல் திணறாமல், முழுப் பாட்டையும் அவன் பாடினான். மற்றப் பிள்ளைகள் அவன் பின்னால் பாடின. கடைசி அடியில் அவன் சிரித்தான்.

அந்தக் குரலைக் கனகலக்ஷ்மி கேட்டதே இல்லை. பெற்றவள் அவள். நாலு வருஷமாக அவளோடு ஒரே பாயில் படுக்கிற பிள்ளை.

இதுவரை அவளுக்கு இருந்ததெல்லாம் பொறாமையே இல்லை, வெறும் காய்ச்சல். வேலையைப் பார்த்து, பெயரைப் பார்த்து, கட்டடத்தைப் பார்த்து வந்த காய்ச்சல். இப்போது வந்தது வேறு. அவள் பிள்ளையின் குரலை இன்னொருத்தி வாங்கி வைத்திருக்கிறாள். அவன் பாடி முடித்ததும் முதலில் யாரைப் பார்த்தான்? சித்தியை. பூங்குழலியின் தலைமயிரைப் பிடித்து இழுத்துத் தெருவில் தள்ள வேண்டும் போலிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

அதிகாரியம்மாள் கைதட்டிவிட்டு எழுந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. அங்கன்வாடியில டையும் நர்சரி பேட்ஜும் எங்கேருந்து வந்தது? இது யார் வீட்டுப் பிள்ளைங்க?" பூங்குழலியைக் கேட்டவள், அவள் பதில் சொல்லுமுன் திரும்பினாள். கதவோரம் நின்ற கனகலக்ஷ்மியையும் அவள் கட்டியிருந்த மடிப்புக் கலையாத புடவையையும் பார்த்தாள். "நீங்க யாரும்மா? நீங்கதானே கூட்டிட்டு வந்தது? நீங்க சொல்லுங்க."

இதற்காகத்தானே வந்தாள்! 'என் நர்சரிப் பிள்ளைங்க மேடம், கேட்டா, குடுத்தேன்' என்று ஒரு வரி சொன்னால் போதும். வாசகசாலை அவளுடையது.

பூங்குழலி அவளைப் பார்த்தாள். கெஞ்சவில்லை.

கனகலக்ஷ்மியின் மனம் கணக்குப் போட்டது. என் பிள்ளைகள் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன? 'உங்க பிள்ளைங்களுக்கு இங்க எதுக்கு ஆணி?' ஃபீஸ் வாங்கும் நர்சரி மூடியதும் பிள்ளைகள் ஓடி வந்து பசியாறுவதும் பாட்டுப் படிப்பதும் இங்கே. அவள் பெற்ற மகனே இங்கே. சாயங்காலத்துக்குள் இது மாவு மில்லுக்குப் போய், வெங்காயக் கடைக்குப் போய், தேரிலிருந்து திரும்பும் பஸ்ஸிலெல்லாம் ஏறிவிடும்.

"இந்த அங்கன்வாடிப் பிள்ளைங்கதான் மேடம்," என்றாள். "காலையில என்கிட்ட இங்கிலீஷ் படிக்கும். மத்தபடி எல்லாம் இங்கதான்."

நல்ல மனதால் சொல்லவில்லை. கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னாள். ஆனாலும் கொட்டகையில் ஒரு பெருமூச்சு கேட்டது. மாதம்மா கரண்டியால் அண்டாவின் விளிம்பைத் தட்டினாள்.

அதிகாரியம்மாள் ஆணி வரிசையை இன்னொரு தடவை பார்த்தாள். ஒரு டையைத் தூக்கி, அடியில் மழுங்கியிருந்த சுண்ணாம்பை விரலால் தடவினாள். "சரி. பொய்ச் சுவருக்கு இவ்வளவு தேய்மானம் இருக்காது," என்றாள். "இனி அந்தக் கட்டடத்தைப் பார்க்கணும். சாவி?"

"பசவராஜுகிட்ட இருக்குதுங்க மேடம். அவரு தேருக்குப் போயிருக்காரு."

"வேற யார்கிட்டயும் இல்லையா?"

பூங்குழலி இல்லை என்று தலையசைத்தாள். கனகலக்ஷ்மியின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. இரும்புச் சாவி, உடம்புச் சூட்டில் அதுவும் சூடாகியிருந்தது. முந்தானையை இழுத்து நன்றாகச் செருகிக்கொண்டாள்.

ஒரு பொய் சொல்லி ஓரகத்தியைக் காப்பாற்றியாயிற்று. ஒரே நாளில் எத்தனை தானம்தான் செய்வது?

"நாளைக்குக் காலையில வருவேன். திறந்திருக்கணும். உள்ளே பார்க்காம எழுத முடியாது. நாளைக்கு விட்டா இந்தப் பணம் இல்லை," என்றுவிட்டு அதிகாரியம்மாள் ஜீப்பில் ஏறினாள்.

தூசி அடங்கியதும் பூங்குழலி கதவோரம் வந்தாள். கையெடுத்துக் கும்பிட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது கனகலக்ஷ்மிக்கு.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"தசராவுலருந்துங்க்கா. தாய்மாருங்க வந்து அழுதாங்க. இங்கிலீசும் வேணும், பிள்ளை வயிறும் நிறையோணும், மேடத்துக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாதுன்னாங்க. உங்க மனசு நோகுமேன்னுதான் நானும்..."

"என் மனசைப் பத்தி நீ ஒண்ணும் கவலைப்பட வேணாம்! அர்ஜுன்? அவனும் பசிச்சு வந்தானா? எங்க வீட்டுல சோறு இல்லையா?"

பூங்குழலி உள்ளே பார்த்தாள். அர்ஜுன் உப்புமாவை விரலால் வழித்துத் தின்றுகொண்டே பக்கத்துப் பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். வாய் ஓயவில்லை.

"அவனைப் பெரிய மாமாதான் முதல்ல கூட்டிக்கிட்டு வந்தாருங்க. ஏன்னு அவருகிட்டயே கேளுங்க்கா. நான் சொன்னா நல்லா இருக்காது."

விளக்கு வைக்கும் நேரம். கனகலக்ஷ்மி டியூஷனுக்குப் போகவில்லை. ஸ்ரீகண்டனுக்கான கேள்விகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். இதுவரை எத்தனை டப்பா தயிர்சாதம் தின்றீர்கள் என்பது அதில் அடியில் கிடந்தது. மேலே இருந்தது ஒரே கேள்வி: ஏன் என்னிடம் சொல்லவில்லை?

அர்ஜுன் ஓரமாகத் தீப்பெட்டி ரயில் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"கண்ணா, இங்க வா. அந்த வெண்டைக்காய்ப் பாட்டைப் பாடு பாக்கலாம். அம்மாவுக்கு மட்டும்."

அவன் வந்தான். முதலில் அவள் கையைப் பார்த்தான். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"பெ... பெ... பெண்... பெ..."

முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் மூடிக்கொண்டது. கனகலக்ஷ்மி அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவன் மரக்கட்டையாக இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவள் தோளில் வாயை வைத்து மெல்லச் சொன்னான்.

"அங்க போய்... பாடறேம்மா."

அவள் அழுதாள். யார் மேலும் கோபம் கொள்ள முடியாத அழுகை அது, அதனால்தான் நிற்கவில்லை. இடுப்பில் சாவி குத்தியது. எடுத்துப் பின்கட்டுக்குப் போய்ப் பூங்குழலி கையில் கொடுத்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. கொடுத்தால் கட்டடம் போகும். நர்சரியின் தலையெழுத்தும் அதோடு போகும். இந்தப் பிள்ளையும் நிரந்தரமாக அங்கேயே போய்விடும். பின்கட்டில் குழாயடியில் பூங்குழலி குடம் வைத்திருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கனகலக்ஷ்மி எழுந்திருக்கவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். ஸ்ரீகண்டன் நெற்றி நிறைய விபூதியும், கையில் பொரி மிட்டாய்ப் பொட்டலமுமாக வந்தான். வெயிலில் தேர் இழுத்த களைப்பு. ஆனாலும் முகம் மலர்ந்திருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் கேள்விக்கு வாயைத் திறந்தாள்.

அவன் முந்திக்கொண்டான்.

"தேர்ல பசவராஜைப் பார்த்தேன் கனகா," என்றான், கூட்டத்தில் கத்திக் கத்திப் பழகிய உரத்த குரலில். "வாசகசாலைச் சாவி நேத்துலேர்ந்தே உன்கிட்டதான் இருக்காமே?"

பின்கட்டில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.